வீடா? விடுதியா?

அண்மையில் நாமக்கல்லை அடுத்த சிற்றூர் ஒன்றில் புதுமனை மந்திரிக்கச் சென்றிருந்தோம். லாரி ஓட்டியே பிள்ளைகளைப் படிக்கவைத்த ஒருவரின் மகன் கட்டிய வீடு அது. தந்தை இன்று இல்லை. மகன் வெளிநாட்டில் பொறியாளர். "பூட்டிக் ஹோட்டல் மாதிரியே செய்திருக்கிறோம், சாமி" என்று பெருமிதத்தோடு அறை அறையாக அழைத்துச் சென்றார். சாம்பல் நிறச் சுவர்கள், மறைவிலிருந்து கசியும் மஞ்சள் ஒளி, வெண்ணிற விரிப்பின்மேல் வரிசையாய் அடுக்கிய தலையணைகள், அன்னப் பறவைபோல் மடித்துவைத்த துண்டு, எங்கோ ஓர் அந்நியக் கடற்கரையின் படம். சுவரில் ஓர் ஆணிகூட இல்லை. தீர்த்தம் தெளிக்க முற்பட்டபோது, "சுவர்ப் பக்கம் மட்டும் கொஞ்சம் பார்த்துங்க" என்றார். நாமும் விரல் நுனியால் தரையில் தெளித்து முடித்தோம். மறைந்த தந்தையின் படம் எங்கே என்று கேட்க எண்ணினோம், கேட்கவில்லை. வெளியே வருகையில் கார் நிறுத்தும் கொட்டகையில் பழைய கயிற்றுக் கட்டில் ஒன்று சாத்தப்பட்டிருந்தது. அது யாருடையது என்று நாம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அன்று நாம் எழுப்பாத கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். ஒரு வீடு விடுதியைப்போல் இருக்க விரும்புவது சரிதானா?

இவ்விருப்பத்தின் வரலாறு விந்தையானது. 1984-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் இயன் ஷ்ரேகர், ஸ்டீவ் ரூபெல் என்னும் இருவர் 'மார்கன்ஸ்' என்ற சிறு விடுதியைத் திறந்தனர். 'பூட்டிக்' என்பது சிறு கடையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். பெரிய விடுதிகள் எல்லாப் பொருளும் விற்கும் பேரங்காடிகளைப் போன்றவை, எங்களுடையதோ தனித்தன்மையுள்ள சிறு கடை என்பதே அவர்கள் கூறவந்தது. ஒரே அச்சில் வார்த்த பெருவிடுதி அறைகளில் சலித்துப்போன பயணியர் வீட்டின் நெருக்கத்தைத் தேடினர். விடுதியும் வீட்டினிடம் அதனைக் கடன் வாங்கியது. இன்றோ வீடு விடுதியைப் பார்த்து நகல் எடுக்கிறது. நகலின் நகலில் மூலத்தின் முகம் மங்குவது இயல்பே.

இதனைக் காண நியூயார்க் வரை போகவேண்டியதில்லை. நம் சமவெளியிலிருந்து தெற்கே காவிரியைக் கடந்து சென்றால் செட்டிநாட்டை அடையலாம். பர்மாத் தேக்கில் தூண்கள், முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து மெருகேற்றிய சுவர்கள், கண்ணாடிமேல் வண்ணச் சிமெண்டை வார்த்துக் கையால் செய்த ஆத்தங்குடித் தரைக்கற்கள் எனப் பார்த்துப் பார்த்துக் கட்டிய மாளிகைகள் அங்கே உண்டு. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். விடுதலை பெற்ற பர்மா பின்னர் நிலங்களை நாட்டுடைமை ஆக்கியது. செல்வத்தின் ஊற்று வற்றியதும் குடும்பங்கள் சிதறின, மாளிகைகள் பூட்டப்பட்டன, பல இடிக்கப்பட்டன. கழற்றிய கதவுகளும் தூண்களும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விலைக்கு வந்தன. எஞ்சியவற்றுள் சில விடுதிகளாகி உயிர் பிழைத்தன. கானாடுகாத்தானில் இன்று 'விசாலம்' என்ற பெயரில் விடுதியாக விளங்கும் மாளிகை, ஒரு தந்தை தம் மகளுக்கென்று கட்டிய வீடு. மகளுக்காகச் சமைத்த வீட்டில் இன்று பணம் தரும் எவரும் தங்கலாம். இதில் குறைகாண நாம் விரும்பவில்லை; இடிவதினும் இது நன்று. ஆனால் அம்மாளிகைகள் விடுதியானது காலத்தின் கட்டாயம். குடியிருக்க ஆள் உள்ள வீட்டை நாம் விடுதியாக்குவதோ நம் விருப்பம்.

நம் பக்கத்துப் பழைய வீடுகள் மாளிகைகள் அல்ல. சேலம் அம்மாபேட்டையில் நெசவாளர் வீட்டின் உள்ளேயே தறிக்குழி இருந்தது; பாவும் ஊடையும் நாடாவின் ஓசையும் போக எஞ்சிய இடத்தில்தான் மனிதர் படுத்து எழுந்தனர். குடியானவர் தொட்டிக்கட்டு வீடுகளில் திண்ணை வழிப்போக்கருக்கும், ஆசாரம் உறவினருக்கும் உரியவை. அங்கே ஒவ்வொரு பொருளும் ஒருவர் பெயரைச் சொல்லும்: அப்பாரு சாய்ந்த தூண், ஆத்தா இடித்த உரல், பிள்ளையின் உயரம் குறித்த கதவு நிலை. அவ்வீடுகளில் இருளும் புகையும் இருந்தன. பெண்களுக்குத் தனிமை அரிதாயிருந்தது. அக்குறைகளை மறைத்துப் பழமை பாடுவது நம் நோக்கமன்று. ஆயினும் அங்கே வாழ்ந்தவர் எவரும் வீட்டின் அழகுக்கு இடையூறாக எண்ணப்படவில்லை.

வீடு, விடுதி ஆகிய இரு சொற்களும் 'விடு' என்னும் ஒரே வேரில் பிறந்தவை. இரண்டும் சுமையை இறக்கிவைக்கும் இடங்களே. விடுதியில் நாம் இறக்குவது பயணச் சுமை. முன்னே தங்கியவரின் சுவடு நமக்கு அருவருப்பாதலால் அங்கே நாள்தோறும் சுவடுகளைத் துடைக்கிறார்கள். அறம், பொருள், இன்பத்திற்கு அப்பால் விடுதலைக்கே 'வீடு' என்று பெயரிட்ட மொழி நம்முடையது. குடியிருக்கும் வீட்டிலும் ஒரு விடுதலை உண்டு: பிறர் கண்ணுக்காக வேடம் பூணவேண்டாத விடுதலை. விடுதியின் அலங்காரமோ இன்னும் வந்துசேராத ஒருவரின் கண்ணுக்கென்றே அமைந்தது. அந்தக் கண்ணுக்காக வீட்டையும் ஒழுங்கு செய்தால், அதில் வாழ்பவர் வீட்டாராக இல்லாமல் காட்சியைக் கெடுப்பவர் ஆகிவிடுகின்றனர்.

அப்படியானால் அழகு பாவமா? இல்லை. தூய படுக்கை, அளவான பொருள்கள், கண்ணை உறுத்தாத ஒளி, வருபவரை எதிர்நோக்கிய ஆயத்தம் ஆகியவற்றை நல்ல விடுதியிடமிருந்து எந்த இல்லமும் கற்கலாம். இலத்தீனில் 'ஹோஸ்பெஸ்' என்ற ஒரே சொல் விருந்தினரையும் விருந்தோம்புவோரையும் குறிக்கும். ஹோட்டலும் ஹாஸ்பிடலும் அவ்வழி வந்தவையே. தொல்காப்பியம் 'விருந்து' என்னும் சொல்லைப் புதுமை என்ற பொருளில் ஆள்கிறது. வள்ளுவர் விருந்தோம்பலை இல்லறத்துள் வைத்தார். விருந்து வருவதற்கு முதலில் இல்லம் ஒன்று இருக்கவேண்டும். எனவே அழகை அளக்க நாம் கொள்ளும் அளவுகோல் எளியது: இந்த அறையில் யார் வந்து அமர்ந்தால் அழகு கெடுகிறது? அதற்கு விடையாக ஒரு மனிதரின் பெயர் வருமானால், அங்கே இருப்பது அழகன்று.

ஒரு மாதம் கழித்து, அவ்வீட்டுத் தாய்க்கு நற்கருணை கொண்டு சென்றோம். மகன் விடுமுறை முடிந்து திரும்பிவிட்டார். அவர் கல்நெஞ்சர் அல்லர். தாய்க்குக் குறை வைக்கலாகாது என்றே குளிர்சாதன அறையை ஒதுக்கியிருந்தார். அம்மையார் வெண்விரிப்பை மடித்து ஓரமாக வைத்துவிட்டுத் தரையில் பாய் விரித்திருந்தார். வீடு பிடித்திருக்கிறதா என்று கேட்டோம். "நல்லாத்தானுங்க சாமி இருக்குது. எப்பக் கெளம்போணும்னுதான் தெரியலீங்க" என்று சிரித்தார்.

அச்சிரிப்பில் குற்றச்சாட்டு இல்லை. எனினும் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. மேலிடத்திலிருந்து வருவோர்க்கென நம் பங்கு இல்லத்திலும் ஓர் அறையை நவீனமாக அமைத்துப் பூட்டியே வைத்திருக்கிறோம். ஒருநாள் பின்னிரவில், கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட விசைத்தறித் தொழிலாளி ஒருவர் படுக்க இடம் கேட்டார். பள்ளித் தாழ்வாரத்தில் பாய் கொடுத்தோம். அறைச் சாவி அப்போது நம் மேசைமேல்தான் இருந்தது. விரிப்பு அழுக்காகுமே என்ற எண்ணம் நம் மனத்தில் ஓடியதை மறைப்பதற்கில்லை.

மம்ரே மரத்தடியில் ஆபிரகாம் மூவரை வரவேற்றபோது அவர் முதலில் அளிக்க முன்வந்தவை நிழலும் நீரும் அப்பமும். புதுமனை மந்திரிக்கப் போகுமிடத்தில் இனி இரண்டை விசாரிப்பதென்று முடிவு செய்திருக்கிறோம்: வீட்டு முதியவரின் கட்டில் எங்கே? மறைந்தவரின் படத்திற்குச் சுவரில் ஆணி எங்கே? பிறரைக் கேட்குமுன் நம் அறையைத் திறந்துவைத்துள்ளோம். விரிப்பு அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம்.