கயிற்றின் மறுமுனை

சோம்பலுக்கும் சாவகாசத்துக்கும் என்ன வித்தியாசம்? மற்றவன் சும்மா இருந்தால் சோம்பல், நாம் சும்மா இருந்தால் சாவகாசம் என்று வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் இந்தக் கேள்விக்குள் வேடிக்கையல்லாத விஷயம் ஒன்றும் இருக்கிறது.

இங்கிலாந்தில் மகன் வீட்டில் சில மாதங்கள் தங்கிவிட்டுத் திருத்தணி திரும்பிய நண்பர் ஒருவர், அங்கே கால்வாயில் படகில் போன ஒரு நாளைப் பற்றி என்னிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். அகலம் ஏழடிதான், நீளமோ எழுபதடி வரை இருக்குமாம். உள்ளே படுக்கை, அடுப்பு, சாப்பாட்டு மேஜை எல்லாம் உண்டு. மணிக்கு நாலு மைலுக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம்.

"சொன்னால் நம்பமாட்டே தம்பி, கரையிலே நாயைக் கூட்டிக்கிட்டுப் போற கிழவர் எங்களை முந்திக்கிட்டுப் போறார்! ஆனா ஒருத்தருக்கும் அவசரமே இல்லை" என்றார்.

"எஞ்சின் வருவதற்கு முன்னே அதை எது இழுத்தது, அண்ணே?"

"குதிரைதான். அது நடக்கிறதுக்குன்னு கரையோரமாப் பாதை போட்டிருக்கான். இப்போ அதிலே ஜனங்கள் காற்று வாங்கறாங்க."

குதிரை நுழைய முடியாத இடங்களும் அந்தக் கால்வாய்களில் உண்டு. மலையைக் குடைந்து போன சில சுரங்கங்களில் கரைப்பாதை கிடையாது. அங்கே ஆட்கள் படகின் மேல் மல்லாந்து படுத்து, சுவரைக் காலால் உதைத்து உதைத்து, இருட்டிலே படகை நகர்த்தினார்கள். பின்புறத்துச் சிறு அறையே பல படகோட்டிகளின் குடும்பத்துக்கு வீடு. 1960-களில் அந்தச் சரக்குப் போக்குவரத்து பெரும்பாலும் நின்றுபோயிற்று. இன்று அதே தண்ணீரில், அதே மெதுவான வேகத்தில், விடுமுறைக்காரர்கள் போகிறார்கள். அன்று அது பிழைப்பு. இன்று அது உல்லாசம். ஆகவே சுகம் வேகக் குறைவில் இல்லை. அந்த மெதுவை நாமாகத் தேடிக்கொண்டோமா, அது நம் தலையில் விழுந்ததா என்பதில் இருக்கிறது.

இதற்கு இங்கிலாந்து வரை போகவேண்டியதில்லை. எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், பழவேற்காட்டுப் பக்கமாக, பக்கிங்ஹாம் கால்வாய் வருகிறது. ஆந்திரத்துப் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை ஏறக்குறைய 420 கிலோமீட்டர். 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டிய வாய்க்கால்தான் அதன் தொடக்கம். விறகும் உப்பும் அதில் படகு படகாகச் சென்னைக்கு வந்தன. காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கழி, அதுவும் போதாவிட்டால் கரையில் நடந்து கயிற்றால் இழுக்க ஓர் ஆள்.

பாரதிதாசன் நண்பர்களோடு இந்தக் கால்வாய் வழியே மாமல்லபுரம் போனதைப் பற்றி 'மாவலிபுரச் செலவு' என்று ஒரு கவிதை எழுதியிருக்கிறார். அன்னம் போல் மிதந்த தோணியைப் பார்த்த அதே கண், கரையில் கயிற்றை இழுத்து நடந்த மனிதனையும் பார்த்தது. படகில் இருந்தவர்களுக்கு அது நிலாக்காலப் பிரயாணம். அவனுக்கு அதே தூரம், அதே நேரம், தோளில் கயிறு.

அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே இன்னும் பின்னால் போனால் 1877-க்குப் போய்ச் சேருகிறோம். சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த பகுதி, தாது வருஷப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போது கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வந்தது. மண் சுமந்தவர்களின் பெயர் எதற்கும் வரவில்லை. அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலைக்கு, ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று ஒரு கட்டத்தில் கூலியைக் குறைத்துவிட்டார்கள். இன்று சென்னைக்குள் அந்தக் கால்வாயில் சாக்கடை தேங்கி நிற்கிறது. மேலே பறக்கும் ரயில் ஓடுகிறது. பட்டினி கிடந்தவர்கள் வெட்டிக் கொடுத்த நீருக்கு நாம் செய்த மரியாதை அது.

அப்படியானால் பிறர் உழைப்பில் ஓடும் படகில் ஏறுவதே பாவமா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். நான் ஏறாவிட்டால் கயிறு இழுப்பவனுக்கு அன்றைய கூலி இல்லை. என் பரிசுத்தத்துக்கு அவன் பட்டினி விலையாவது தர்மமல்ல. அதே சமயம், கூலி கொடுத்ததோடு கணக்குத் தீர்ந்தது என்று சாய்ந்து படுத்துக்கொள்ளவும் மனம் இடம் தரவில்லை. காசு அவன் உழைப்புக்கு விலை. அவனுக்கு இல்லாத ஓய்வு என்ற ஒன்றை நான் அனுபவிக்கிறேனே, அதற்கு என்ன விலை?

நண்பர் சொன்ன இன்னொரு சங்கதி இங்கே நினைவுக்கு வருகிறது. வழியில் நீர்மட்டம் மாறும் இடங்களில் மதகுக் கதவுகள் இருக்கின்றன. பெரும்பாலும் படகில் வந்தவர்களே இறங்கி, கைப்பிடியைச் சுழற்றித் தண்ணீரை விட்டு, கனத்த மரத்தை முதுகால் தள்ளித் திறக்கவேண்டும். "அதிலேதான் தம்பி பசியே எடுத்துது" என்றார் அவர். ஓய்வின் ருசி உழைத்த உடம்புக்குத்தான் தெரியும்.

எங்கள் ஊர் மலையும் இதைத்தான் சொல்கிறது. சூரனோடு போரிட்ட முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடம் என்பதால் தணிகை என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். வேறு யாரோ போரிட, அவன் வந்து அமர்ந்ததாகக் கதை இல்லை, போரிட்டவனே அமர்ந்தான். மலைக்கு 365 படிகள். வருஷத்தின் நாளுக்கு ஒன்று என்பார்கள். இப்போது மேலே வரை வண்டிப்பாதையும் இருக்கிறது. முதியவர்களுக்கு அது பெரிய உபகாரம். ஆனால் குடும்பம் நிதானமாகத் தரிசனம் முடித்து, பிரகாரத்தில் அமர்ந்து, பிரசாதம் சாப்பிட்டு இறங்கும் வரை, வெளியூரிலிருந்து இரவெல்லாம் விழித்துக் காரை ஓட்டி வந்த டிரைவர் ஸ்டியரிங்கின் மேலே தலை சாய்த்துக் கிடப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

சாவகாசத்தைச் சோம்பலிலிருந்து பிரிக்க எனக்குத் தெரிந்த உரைகல் இதுதான்: கயிறு இழுத்தவனுக்கும் ஒரு நாள் படகில் உட்கார இடம் உண்டா? ஞாயிற்றுக்கிழமை காலை ஈஸிசேரில் சாய்ந்து, இரண்டாவது காபிக்குச் சமையலறைப் பக்கம் குரல் கொடுக்கிறோமே, அந்தச் சமையலறைக்கு ஞாயிற்றுக்கிழமை எப்போது வருகிறது? வீட்டு வேலை செய்யும் அம்மாளுக்குச் சம்பளத்தோடு விடுமுறை என்று மாதத்தில் எத்தனை நாள் கொடுக்கிறோம்? டிரைவரிடம், "நீயும் மேலே வந்து சாமி பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் தூங்கி எழுந்திரு. மெதுவாகப் புறப்படலாம்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? நமக்குத்தான் அவசரமே இல்லையே!