ஒரு ரூபாய்க் காசு அளவு ரப்பர்

வடுகபட்டி பூண்டுச் சந்தையில் பழகின வியாபாரி மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பூண்டை எடுத்தாலே போதும், அது கொடைக்கானல் மலைப்பூண்டா, வடக்கே இருந்து லாரியில் வந்ததா என்று சொல்லிவிடுவார். பல்லை நசுக்கி மோந்து காட்டுவதெல்லாம் நம்மைப் போல வாங்க வந்தவர்களுக்காக. மலைப்பூண்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகும் சந்தையில் ஆட்கள் நம்புவது மூக்கைத்தான். ஏமாந்தாலும் என்ன, ரசத்தில் கொஞ்சம் மணம் குறையும். அடுத்த தடவை வேறு கடைக்குப் போவோம்.

வாங்குவது என்றால் இதுதான் என்று நினைத்து வளர்ந்தவன் நான். எடுத்துப் பார், மோந்து பார், விலையைக் குறை. அப்பாவின் அம்பாசடருக்கு பிரேக் சாமான் வாங்கும்போதும் அப்படித்தான் இருந்தேன்.

வண்டி 1978 மாடல், மார்க் 3. அப்பா போன பிறகு விற்க மனசு வரவில்லை. நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைத் தள்ளும். ஆயில் குழாய் வழியாகப் போய் வீல் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் ஷூவை டிரம்மோடு அழுத்தும். பிஸ்டனைத் தாண்டி ஆயில் கசியாமல் அடைத்து நிற்பது, கிட்டத்தட்ட ஒரு ரூபாய்க் காசு அளவு இருக்கும் ஒரு ரப்பர் கப். இப்போது வரும் கார்களில் ஆயில் பாதை இரண்டாகப் பிரிந்திருக்கும், ஒன்று போனால் இன்னொன்று பிடிக்கும். எங்கள் வண்டியில் ஒரே பாதை. ஒரு கப் போனால் நாலு சக்கரமும் போச்சு.

நாலு வருஷத்துக்கு முன்னால் பின் சக்கரத்தில் கசிவு. மெக்கானிக் அண்ணன், "தம்பி, கம்பெனி கிட் இருக்கு, பாதி வெலைல லோக்கலும் இருக்கு. எதப் போட?" என்று கேட்டார். நான் போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தேன். "பாத்துப் போடுங்கண்ணே, செலவ ரொம்ப இழுத்துறாதீங்க" என்றேன். அவரும் பாத்துப் போட்டார்.

பண்ணைக்காட்டில் ஒரு விசேஷம். அத்தை, அத்தை மகள், அவளுடைய கைக்குழந்தை எல்லோரும் திரும்பி வருகிறோம். டம்டம் பாறைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வளைவில் பெடல் கடைசிவரை இறங்கியது. திரும்ப மிதித்தேன், காற்றை மிதிப்பது போல இருந்தது. இரண்டாம் கியருக்கு இழுத்து, ஹேண்ட்பிரேக்கைத் தூக்கினேன். ஆயில் நனைந்த பக்கம் பிடிக்கவில்லை, மறுபக்கம் மட்டும் பிடித்தது. வண்டியை மலைப்பக்கத்து ஓடையில் உரசி நிறுத்தினேன். எதிரே ஒரு மினி லாரி ஏறி வந்து எங்களைத் தாண்டிப் போனது. பின்சீட்டில் இருந்து அத்தை கேட்டாள், "என்னடா, எலிவால் அருவியக் காட்டவா நிப்பாட்டுன?"

அந்தக் கேள்வியை மறக்க முடியவில்லை. தன் உயிரைப் பற்றி ஒருவன் போனை காதில் வைத்துக்கொண்டே முடிவெடுத்தது அவளுக்குத் தெரியாது. மினி லாரிக்காரருக்கும் தெரியாது. நான் மிச்சம் பிடித்த பணம் என் பையில் இருந்தது. அதற்கான அபாயத்தை ஏழெட்டுப் பேருக்கு, அவர்களைக் கேட்காமல், பங்கு வைத்திருந்தேன். என் உயிரைப் பணயம் வைக்க எனக்கு உரிமை உண்டு என்று வாதாடலாம். பிரேக் விஷயத்தில் அந்த வாதம் நிற்காது, ஏனென்றால் ரோட்டில் யாரும் தனியாகப் போவதில்லை.

டிரம்மைக் கழற்றினால் கப் ஊறின மொச்சைப் பயறு மாதிரி உப்பி, விளிம்பு பிய்ந்து கிடந்தது. பிரேக் ஆயில் என்று சொல்கிறோமே தவிர அது எண்ணெய் இல்லை, கிளைகால் சேர்ந்த திரவம். அதைத் தாங்குகிற ரப்பர் வேறு, தாங்காத ரப்பர் வேறு. பாக்கெட்டில் இருக்கும்போது ரெண்டும் கறுப்பு, ரெண்டும் பளபளப்பு. கடைக்காரர் மேல் கோபம் வந்தது. மெக்கானிக் அண்ணன் மெதுவாக, "நீங்கதான தம்பி இழுக்காதீங்கன்னீங்க" என்றார். கோபம் அதோடு இறங்கிவிட்டது.

ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970ல் பழைய கார் வியாபாரத்தை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2001ல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்குப் பின்னால் அந்தக் கட்டுரையும் உண்டு. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில், வாங்குபவர் நல்ல சரக்குக்கு உரிய விலை தர மாட்டார், அதனால் நல்ல சரக்கு சந்தையை விட்டே போய்விடும் என்பது அதன் சாரம். சரிதான். என் அனுபவத்தில் அதோடு ஒன்றைச் சேர்க்கத் தோன்றுகிறது. எனக்குத் தெரியாமல் இருந்ததற்குக் காரணம் நான் கேட்காததுதான். சொல்ல வந்தவரையும் கையமர்த்திவிட்டேன்.

அதன்பிறகு எதிர்த்திசையில் ஓடினேன். இனி ஒரிஜினல்தான் என்று வைராக்கியம். அம்பாசடர் உற்பத்தி 2014லேயே நின்றுவிட்டது. 2017ல் அந்தப் பெயரை மட்டும் பிரான்ஸின் பெஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பெயர் ஒரு பக்கம், பொருள் ஒரு பக்கம் என்று ஆகிவிட்ட பிறகு ஒரிஜினல் என்று எதைச் சொல்வது? ஆனாலும் மதுரையில் ஒரு பழைய ஸ்பேர்ஸ் கடையில் பரணிலிருந்து சீல் உடைக்காத பாக்கெட் கிடைத்தது, கூடவே அந்தக் காலத்து பிரேக் லைனிங்கும். புதையல் எடுத்தவன் போலக் கொண்டுவந்து கொடுத்தேன். அண்ணன் கப்பை இரு விரலில் வைத்து வளைத்தார். விளிம்பெல்லாம் மயிர்க்கோடாக வெடிப்பு. "ஒரிஜினல்தான் தம்பி. பரண்லயே செத்துப்போச்சு."

லைனிங்கில் வேறு சிக்கல். அந்தக் காலத்து லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். டிரம்மைத் திறந்து காற்றடித்து ஊதும்போது அந்தத் தூசி போவது அண்ணனின் நுரையீரலுக்கு. அது புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிப் பல காலமாகிறது. அப்பாவின் வண்டியை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்ற என் ஆசைக்கு அவர் ஏன் மூச்சைக் கொடுக்க வேண்டும்? மலிவுக்கு ஆசைப்பட்டபோது அத்தை. பழமைக்கு ஆசைப்பட்டபோது மெக்கானிக் அண்ணன்.

இப்போது கடையில் நான் கேட்பது வேறு: இது கெட்டுப்போனால் பதில் சொல்ல ஆள் இருக்கிறதா? இன்றைக்கும் இயங்குகிற கம்பெனி, தயாரித்த தேதி, ரசீது தருகிற அங்கீகரிக்கப்பட்ட டீலர், ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத லைனிங். 1962ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா மாதிரி இந்த வேலையையே தொழிலாகக் கொண்ட கம்பெனிகள் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. ஆனால் போலிக்காரனும் அந்தப் பெயர்களைத்தான் அச்சடிப்பான், அதனால் பெயரைப் பார்த்ததோடு விட முடியாது. பிரேக் ஆயிலையும் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். டாட் 3 வகைக்குக் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவுகோலே 140க்கு இறங்கிவிடும், மலை இறக்கத்தில் அந்த வித்தியாசம் பெரிது. அண்ணனிடம் கூலியில் பேரம் பேசுவதை விட்டுவிட்டேன். பூண்டுக்கு இன்னும் பேசுகிறேன்.

போன மாசம் புது கிட் போட்டு, லைனில் காற்று எடுத்துக்கொண்டிருந்தோம். நான் சீட்டில், அண்ணன் வண்டிக்கு அடியில். "மிதிங்க... பிடிங்க... விடுங்க." அத்தை வந்து நின்று பார்த்தாள். கொடைக்கானலுக்குப் போக வேண்டுமாம். அன்றைக்கு நடந்ததை முழுசாகச் சொன்னேன், போனில் நான் சொன்ன பதிலையும் சேர்த்து. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"அப்ப அருவிக்காக நிப்பாட்டலையா?" என்றாள்.