மழையில் நனைந்த தானியமும் வெள்ளத்தில் நனைந்த காரும்



சென்ற வாரம் தொழுகை முடிந்ததும் அசோக் நகரில் வசிக்கும் ஒரு சகோதரர் வந்து மஸ்அலா கேட்டார். மனைவி மலேசியாவில் பிறந்து வளர்ந்தவர். நிகாஹ் முடிந்து சென்னைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அங்கே தானே கார் ஓட்டி வேலைக்குப் போய் வந்தவர், இங்கே அசோக் பில்லர் பக்கம் ஆட்டோவுக்காகக் காத்து நிற்கிறார். அவர் மனம் சுருங்கிவிடக் கூடாதே என்று இரண்டு லட்சம் ரூபாய்க்குள் ஒரு பழைய சின்ன கார் வாங்கிக் கொடுத்திருக்கிறார் கணவர். ஆர்.சி. புக் சரி, இன்சூரன்ஸ் சரி, பெயர் மாற்றமும் முடிந்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து மெக்கானிக் தரைவிரிப்பைத் தூக்கினால் அடியில் காய்ந்த வண்டல். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் தண்ணீர் நின்ற கறை. வெள்ளத்தில் மூழ்கிய வண்டி!

அவர் கேட்டது இதுதான்: "ஹஜ்ரத், நானும் ஏமாந்துதானே வாங்கினேன். எப்படி வாங்கினேனோ அப்படியே வித்துட்டா என் மேல என்ன குத்தம்?"

இது அவர் ஒருவருடைய கேள்வி மட்டும் அல்ல. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி ஜாபர்கான்பேட்டையும் அசோக் நகரும் தண்ணீரில் நின்றதை நாம் பார்த்தோம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணையில் கார்கள் மிதந்து போன காட்சி எல்லோருடைய போனிலும் வந்தது. அந்த வண்டிகள் எல்லாம் உடைக்கப் போய்விட்டன என்று நினைக்கிறீர்களா? இன்சூரன்ஸ்காரர்கள் முழு நஷ்டம் என்று கழித்த வண்டியையும் வாங்க ஆள் உண்டு. கழுவி, காயவைத்து, சீட் கவர் மாற்றினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். பழுது பார்த்து விற்பது பாவம் இல்லை. ஆனால் வயரிங்கில் இறங்கிய ஈரம் மெதுவாகத் தின்னும். இன்றைக்கு ஓடுகிற வண்டி ஆறு மாதம் கழித்து மழை இரவில் துரைசாமி சுரங்கப்பாதையில் நின்றுபோகலாம்.

தானியக் குவியல் ஹதீஸ் உங்களுக்குத் தெரியும். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிப்பதாக முஸ்லிமில் வருகிறது. நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று கேட்டபோது, மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. இந்தப் பதிலைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அவர் பொய் சொல்லவில்லை. நனைத்தவரும் அவர் இல்லை. மழை பெய்ததற்காக நபி (ஸல்) அவர்கள் அவரைக் கண்டிக்கவும் இல்லை. மக்கள் பார்க்கும்படி நனைந்ததை ஏன் மேலே வைக்கவில்லை என்றுதான் கேட்டார்கள். அதன் பிறகுதான் மோசடி செய்பவரைப் பற்றிய அந்தக் கடுமையான எச்சரிக்கை வருகிறது. "நான் நனைக்கவில்லையே" என்ற நம் சகோதரரின் வாதம் அந்த வியாபாரியின் பதில்தானே?

1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், சில விதிவிலக்குகள் போக, வாங்குபவர்தான் பார்த்து வாங்க வேண்டும் என்கிறது. நம் ஃபிக்ஹிலும், எந்தக் குறைக்கும் நான் பொறுப்பல்ல என்று நிபந்தனை போட்டு விற்பது ஹனஃபி மத்ஹபில் செல்லும். ஷாஃபிஈ மத்ஹபில் அதற்கு வரம்பு உண்டு. ஆனால் தெரிந்த குறையை மறைப்பது ஹராம் என்பதில் இரு தரப்பும் ஒன்றுதான்.

வாஸிலா பின் அல்அஸ்கஃ (ரலி) அவர்களின் சம்பவத்தை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எழுதுகிறார்கள். ஒருவர் 300 திர்ஹத்துக்கு ஒட்டகம் வாங்கிக்கொண்டு போகிறார். வாஸிலா (ரலி) பின்னாலேயே போய், இது இறைச்சிக்கா, சவாரிக்கா என்று கேட்கிறார்கள். சவாரிக்கு என்கிறார் அவர். அப்படியானால் இதன் குளம்பில் ஓட்டை இருக்கிறது, தொடர்ந்து நடக்காது என்று சொல்லிவிடுகிறார்கள். விற்றவருக்கு 100 திர்ஹம் குறைந்தது. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீர்களே என்று சங்கடப்பட்டார். வாஸிலா (ரலி) விற்றவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை. குறை தெரிந்தவர், அவ்வளவுதான். எதற்கு வாங்குகிறார் என்று கேட்டார்களே, அது முக்கியம். உதிரிபாகத்துக்கு வாங்குபவருக்கு வெள்ளம் பார்த்த கார் ஒரு சரக்கு; மனைவிக்கு வாங்குபவருக்கு அது வேறு.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "வீட்டில் உள்ளவர்களுக்கு இது தெரியுமா?" என்று கேட்டேன். சகோதரர் தலையைக் குனிந்துகொண்டார். மெக்கானிக் சொல்லி இரண்டு வாரம் ஆகியிருந்தது. அந்தப் பெண் தினமும் அதை ஓட்டிக்கொண்டிருக்கிறார்! வந்த இடத்தில் கவலைப்படுவாள், மாமியார் வீட்டில் பேச்சாகும் என்று மறைத்திருக்கிறார்.

விலை மலிவாக வாங்கியது குற்றமே இல்லை. கார் வாங்கிக் கொடுப்பது கணவன் மேல் கடமையும் இல்லை. ஆனால் உங்கள் பைக்கின் பிரேக் சரியில்லை என்று தெரிந்தே ஓட்டினால் அந்த ஆபத்து உங்களுடையது. இங்கே ஆபத்து அவருடையது, முடிவு மட்டும் உங்களுடையது. ஊர் தெரியாதவர், எந்தச் சத்தம் சாதாரணம், எந்த மெக்கானிக்கை நம்பலாம் என்று எதுவும் தெரியாதவர். உங்கள் சொல்லை நம்பித்தான் சாவியைப் போடுகிறார். கைபரிலிருந்து மதீனாவுக்குத் திரும்பும் வழியில், புதிதாக மணமுடித்த ஸஃபிய்யா (ரலி) அவர்கள் ஒட்டகத்தில் ஏறுவதற்கு நபி (ஸல்) அவர்கள் தம் முழங்காலை வைத்துக் கொடுத்தார்கள், புஹாரியில் இருக்கிறது. கால் வைக்கும் இடம் உறுதியாக இருக்கும் என்ற நம்பிக்கையில்தானே அவர்கள் ஏறியிருப்பார்கள்?

அன்று மஃரிபுக்குப் பிறகு அவர் போன் செய்தார். சொல்லிவிட்டாராம். மனைவி கோபப்பட்டது வண்டிக்காக இல்லையாம், அந்த இரண்டு வாரத்துக்காக. வண்டியைப் பார்க்க வந்த முதல் இருவரும் விஷயத்தைக் கேட்டதும் போய்விட்டார்கள். புதுப்பேட்டையில் உதிரிபாகம் விற்பவர் ஒருவர், போட்ட பணத்தில் பாதிக்கும் குறைவாகக் கேட்டிருக்கிறார்; கொடுத்துவிடப் போகிறார். அடுத்த வண்டியைப் பார்க்க இருவரும் சேர்ந்து போவதாகப் பேச்சு. அதுவரை அந்தச் சகோதரி அசோக் நகர் மெட்ரோவில் போய் வருகிறார்.