காட்டுப் பாதையில் உழவாரம்

ஒஸ்லோ நகரின் வடகிழக்கே, அமெருட் என்ற இடத்தில், 1998ஆம் ஆண்டு முதல் எங்கள் சிவசுப்பிரமணியர் ஆலயம் விளங்கி வருகிறது. பூசை முடிந்து வெளியே வந்து மேட்டுப்புறமாக நடப்பவர்க்கு, வீடுகள் ஓய்ந்து, லில்லோமார்க்கா என்னும் காடு விரைவிலேயே தொடங்கிவிடும். அக்காட்டிலும் அதனை அடுத்த நூர்மார்க்காவிலும் இலையுதிர்காலத்து விடுமுறை நாள்களில் உலவுபவர்கள் சிற்சில வேளைகளில் ஒரு காட்சியைக் காணலாம்: மலைச் சைக்கிள்களை மரங்களில் சாய்த்துவிட்டு, மண்வெட்டியும் அலவாங்கும் வாளியுமாகச் சிலர் குனிந்து நின்று, பாதையின் குறுக்கே ஓடும் ஒரு சிறு வாய்க்காலில் அடைத்துக்கொண்ட இலைகளையும் சேற்றையும் வாரி எறிந்துகொண்டிருப்பார்கள். அவர்களுக்கு எவரும் கூலி கொடுப்பதில்லை. காடு அவர்களுடையதன்று, பாதையும் அவர்களுடையதன்று. நொட்ஸ் எனச் சுருக்கமாக வழங்கும் நோர்வே மலைச்சைக்கிள் அமைப்பினர் இப்பணியை ஊர்தோறும் கூடிச் செய்து வருகின்றனர்.

இதற்கு இந்நாட்டார் வழங்கும் சொல் ‘டுக்னாட்’ என்பது. பழைய நோர்ஸ் மொழியில் உதவி என்ற பொருள் கொண்ட சொல்லிலிருந்து பிறந்த இதனை, 2004ஆம் ஆண்டில் நோர்வேயின் தேசியச் சொல்லாகவே மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். இலங்கையிலிருந்து வந்த நமக்கு இது புதியதன்று. சிரமதானம் என்று சொன்னால் போதும். குளிர்காலத்தில் பனிக்கட்டியின்மேல் தூவிய பொடிக்கற்களை வசந்தத்தில் அடுக்குமாடி முற்றங்களிலிருந்து அயலாருடன் கூடிக் கூட்டி அள்ளாத தமிழ்க் குடும்பம் ஒஸ்லோவில் அரிது. ஆயினும் முற்றம் நம்முடையது. நாம் கூட்டிய இடத்தில் நம் குழந்தைதான் விளையாடும். யாரென்று அறியாத ஒருவர் என்றோ ஒருநாள் கடந்து போவதற்காகக் காட்டு வழியைத் திருத்துவது அதனினும் வேறான விஷயம்.

பாதையைக் கெடுப்பது சக்கரத்தைக் காட்டிலும் நீர்தான் என்பதை இப்பணியில் ஈடுபட்டவர்கள் முதலிலேயே அறிந்துகொள்கிறார்கள். ஒஸ்லோவைச் சூழ்ந்த மேடுகளில் பாறையின்மேல் படிந்திருக்கும் மண் மிக மெல்லியது. கால்களும் சக்கரங்களும் அழுத்திய தடம் சற்றே பள்ளமானவுடன், மழைநீரும் பனியுருகிய நீரும் அதனையே தமக்கு வாய்க்காலாக்கிக்கொண்டு, மண்ணை அரித்து, வேர்களையும் கற்களையும் வெளிப்படுத்திவிடும். உறைந்த ஈரம் விரிந்து மண்ணைத் தூக்கிப் பொருமச் செய்ய, அது உருகியதும் எல்லாம் சேறாகும். சேற்றைக் கண்டவர் ஒதுங்கி நடக்கிறார். அவர் ஒதுங்கிய தடமும் நாளடைவில் சேறாகிறது. அடுத்தவர் இன்னும் ஒதுங்குகிறார். இங்ஙனம், தன் காலணி நனையலாகாது என்று ஒவ்வொருவரும் கொண்ட சிறு எண்ணத்தினால், ஒற்றையடிப் பாதை பல முழம் அகன்று, இருபுறமும் இருந்த பாசியும் புளுபெரிச் செடியும் அழிகின்றன. இதற்குப் பரிகாரம் மிக எளியது: பாதையின் மேற்பரப்பைச் சரிவுப் பக்கமாகச் சிறிதே சாய்த்துவிடுவது, இடையிடையே குறுக்காக ஓர் ஆழமற்ற வாய்க்கால் வெட்டி நீரை ஓரமாகத் திருப்புவது, சதுப்பு நிலத்தில் பலகையோ தட்டைக் கல்லோ இடுவது. ஆனால் செய்து முடித்தோம் என்று இருந்துவிட முடியாது. ஓர் இலையுதிர்காலம் போதும், அந்த வாய்க்கால் தூர்ந்துபோவதற்கு.

இந்நாட்டுச் சட்டமும் இங்கே நினைக்கத் தக்கது. 1957ஆம் ஆண்டின் திறந்தவெளி வாழ்வுச் சட்டம், பிறர்க்கு உரிமையான காட்டிலும் நடந்து செல்லும் உரிமையை யாவர்க்கும் உறுதிசெய்தது. நடப்பவர் காட்டில் விரும்பிய திசையில் போகலாம்; சைக்கிளில் செல்பவரோ, உயர்மலை வெளியில் அன்றி, தாழ்நிலக் காடுகளில் வழியையும் பாதையையும் பற்றியே செல்ல வேண்டும். ஆகவே பாதை இல்லையேல் அவருக்குக் காடே இல்லை. இதனால் ஓர் ஆக்ஷேபணை எழுகிறது: தம் இன்பத்துக்குத் தேவையானதைத் தாமே பேணிக்கொள்கிறார்கள், இதில் தொண்டு எங்கே இருக்கிறது?

இக்கேள்வி என்னைத் திருநாவுக்கரசரிடம் கொண்டு சேர்த்தது. உழவாரம் என்னும் சிறு கருவியைக் கையில் ஏந்தி, கோயில் முற்றங்களிலும் வீதிகளிலும் முளைத்த புல்லையும் முள்ளையும் செதுக்கி, கல் அகற்றி, அடியார் நடக்க வழி செய்தவர் அவர். சைவ சித்தாந்தம் வகுத்த சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு நெறிகளில், உடலால் செய்யும் பணியாகிய சரியைக்கு, தாச மார்க்கத்துக்கு, அவரையே உதாரணமாகக் காட்டுவது சம்பிரதாயம். முற்றத்தைச் செதுக்கியவர் அந்த முற்றத்தின் வழியே உள்ளே சென்று தாமும் இறைவனைத் தொழுதார். அதனால் அவர் பணி சுயநலம் ஆகிவிடவில்லை. தானும் நடக்கும் வழியைத் திருத்துபவனுக்கே எந்த இடத்தில் கால் இடறும் என்பது தெரியும். வழியின் இன்பத்தை அறியாதவன் அதைப் பேணும் சிரத்தையை எங்கிருந்து பெறுவான்?

சேக்கிழார் பெருமான் தம் புராணத்தில் கூறும் வரலாறுகளில் இரண்டு என் மனத்தை விட்டு நீங்காதவை. பஞ்ச காலத்தில் திருவீழிமிழலையில் இறைவன் நாவுக்கரசருக்கும் ஞானசம்பந்தருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு அளித்தான். சம்பந்தர் காசுக்குக் கடைத்தெருவில் வாசி கழித்தார்கள், நாவுக்கரசர் காசுக்குக் கழிக்கவில்லை. கையால் திருத்தொண்டு செய்பவர் ஆதலால் அவருக்கு நற்காசு கிடைத்தது என்று அடியார்கள் சொன்னார்கள். ஞானப்பால் உண்ட பிள்ளையின் காசைக் காட்டிலும் புல் செதுக்கிய முதியவரின் காசை உயர்த்தி வைத்த துணிவை நாம் போதுமான அளவு சிந்தித்ததில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. மற்றது திருப்புகலூரில் நிகழ்ந்தது. உழவாரம் செல்லும் இடமெல்லாம் பொன்னும் மணியும் கிடக்கக் கண்டும், பருக்கைக் கல்லோடு கல்லாக அவற்றையும் ஏந்திப் பொய்கையில் எறிந்தார் அவர். வழியில் கிடப்பது நடப்பவர் காலை உறுத்தும் என்ற ஒன்றுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

கோபுரம் கட்டியவன் பெயர் கல்வெட்டில் நிற்கிறது. புல் செதுக்கியவன் செய்த வேலை நன்றாக அமைந்தால், அங்கே ஒரு வேலை நடந்தது என்பதே தெரியாமற் போகிறது. காட்டுப் பாதைக்கும் இதுவே இலக்கணம். நல்ல வாய்க்கால் சக்கரத்தின் கீழ் ஒரு மெல்லிய அலைபோல் கழிந்துவிடும். அதை வெட்டிய கையை எவரும் எண்ணுவதில்லை. ஆன்மாவை மறைத்து நிற்கும் மலங்களுள் மூலமானது ஆணவம் என்று கூறும் சித்தாந்தம், அதைத் தேய்ப்பதற்குத் தொண்டை விதித்ததன் உட்பொருள் இத்தகைய வேலைகளில்தான் தெளிவாகிறது என்று நான் நம்புகிறேன்.

ஆயினும் இந்நம்பிக்கையை எளிதில் நிலைக்க விடாத ஒரு குரலும் அதே புராணத்தில் கேட்கிறது. திருவாரூர்த் திருக்குளத்தைப் பெரிதாக்க விரும்பிய தண்டியடிகள் பிறவிக் குருடர். குளத்தினுள் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதைத் தடவித் தடவி மண் சுமந்தார். அவரைத் தடுத்த சமணர்கள், மண்ணைக் கல்லினால் சிற்றுயிர்கள் மாளும் என்றார்கள். புராணம் அவர்களைத் தோற்றவர்களாகக் காட்டுகிறது. நானும் அடிகளின் அன்புக்குத் தலை வணங்குகிறவன்தான். ஆனால் ஒஸ்லோக் காட்டில் நின்று யோசிக்கும்போது, அந்த ஆக்ஷேபணையை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அலவாங்கு பெயர்த்த கல்லின் அடியில் உயிர்கள் இருக்கின்றன. பாறையில் படர்ந்த பாசியும் கற்பாசியும் கிழிந்தால் மீண்டும் மூட நெடுங்காலம் செல்லும். ஒஸ்லோவைச் சூழ்ந்த ஏறத்தாழ 1,700 சதுர கிலோமீட்டர் காட்டைக் காக்கும் மார்க்காச் சட்டம் 2009ஆம் ஆண்டு செப்டெம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி நல்லெண்ணம் ஒன்றையே துணையாகக் கொண்டு எவரும் புதிய பாதை வெட்டிவிட முடியாது. நில உரிமையாளரின் இசைவும் வேண்டும், அதிகாரிகளின் அனுமதியும் வேண்டும். இரவோடு இரவாகத் தமக்கென ஒரு தடம் வெட்டிக்கொள்பவரின் உழைப்பும் உழைப்புத்தான், வியர்வையும் வியர்வைதான். ஆயினும் அதை உழவாரப்பணி என்று சொல்ல என் நா எழாது. அனுமதி கேட்டுக் காத்திருப்பதும், மறுக்கப்பட்டால் மண்வெட்டியைக் கீழே வைப்பதும், வெட்டுவதைப் போலவே அத்தொண்டின் அங்கங்கள். புதிதாக ஒன்றை ஆக்குவதிலும் பார்க்க உள்ளதைப் பேணுவதற்கு நான் அதிக மதிப்புத் தருவது இதனால்தான்: பழைய தடத்திலேயே நீர் வழியைத் திறந்துவிட்டால், பக்கத்தில் புதிய தடம் தோன்றாது, அங்குள்ள சிற்றுயிரும் பிழைக்கும். சமணர் கவலையும் அடிகள் அன்பும் ஒரே கையில் பொருந்தக்கூடிய இடம் இது ஒன்றே என எனக்குப் படுகிறது.

இனி, கடினமான கேள்வி மிஞ்சுகிறது. நாவுக்கரசர் செதுக்கிய முற்றத்தின் முடிவில் சிவபெருமான் இருந்தான். காட்டில் உழைப்பவர்களுள் பலர் எந்தத் தெய்வத்தையும் எண்ணாதவர்கள். அவர்கள் திருத்தும் பாதை ஓர் ஏரிக்கரைக்கோ மேட்டின் உச்சிக்கோ போய்விட்டுத் திரும்புகிறது. தெய்வப் பிரக்ஞை இல்லாத பணியைச் சரியை என்று சொல்லலாகுமா? சாத்திரத்தை வளைத்து ஆம் என்று சொல்ல நான் துணியவில்லை. சரியைக்கு உயிர், யாருக்குச் செய்கிறோம் என்ற நினைவு. ஆனால் அந்த நினைவு இவர்களிடம் முற்றிலும் இல்லை என்றும் என்னால் கூற முடியவில்லை. இன்னும் வராத ஒருவனை, முகம் தெரியாதவனை, கைம்மாறு செய்ய வழியற்றவனை மனத்தில் நிறுத்தி அவன் சக்கரம் வழுக்காதபடி ஒரு கல்லைத் திருப்பி வைப்பவன், காணாத ஒன்றின்முன் பணிந்து நிற்கிறான். நாம் கண்ட மூர்த்திக்குச் செய்கிறோம். அவன் காணாத வழிப்போக்கனுக்குச் செய்கிறான். இவ்விரண்டுக்கும் இடையில் உள்ள தூரம், ஆலய வாசலிலிருந்து காட்டின் ஓரம்வரை உள்ள தூரத்தைப் போல, நடந்து கடக்கக்கூடியதுதான் என்று எண்ணுகிறேன்.

நிலம் உறைந்து போனால் மண்வெட்டி இறங்காது. ஆகையால் ஆண்டின் கடைசி வேலை, முதற்பனி விழுமுன் அந்தக் குறுக்கு வாய்க்கால்களிலிருந்து இலைகளை வாருவதாக அமைகிறது. அதன்பின் பாதையைப் பனி மூடிவிடும், காடு பனிச்சறுக்குவோருடையதாகிவிடும். ஏப்ரல் மாதத்தில், சறுக்குவோரும் போய், சைக்கிள்களும் இன்னும் வராத நாள்களில், உருகிய நீர் மேட்டிலிருந்து இறங்கி அந்த வாய்க்காலை வந்தடையும்போது, அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பதற்கு அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்கள்.