கேள், விடாதே!

"பழைய ரயில் வரைபடமா? அதெல்லாம் இப்போ எங்கே கிடைக்கப்போகுது!"

உன் ஊர் ஸ்டேஷன் மீட்டர்கேஜ் காலத்தில் எப்படி இருந்தது, எத்தனை லூப் லைன், கூட்ஸ் ஷெட் எந்தப் பக்கம், இன்ஜினைத் திருப்பும் டர்ன்டேபிள் எங்கே என்று நீ விசாரிக்கத் தொடங்கிய அன்றே இந்தப் பதில் வந்திருக்கும். சொன்னவர் தேடிப் பார்த்துவிட்டா சொன்னார்? கேட்டுப் பார். ஒரு அலமாரியைக்கூடத் திறந்திருக்க மாட்டார். தேடாதவர் சொன்ன தீர்ப்பை நம்பி நீ ஏன் வீட்டுக்குத் திரும்புகிறாய்?

"நான் வரலாறு படிக்கவில்லை, ரயில்வேயில் எனக்கு ஆள் இல்லை" என்கிறாயா? அப்படியானால் ஜான் ஏரி என்பவரைத் தெரிந்துகொள். 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் ஏராளமான தனியார் ரயில் கம்பெனிகள். பயணி ஒரே டிக்கெட்டில் மூன்று கம்பெனிகளின் தண்டவாளத்தைக் கடந்து போய்விடுவார். கட்டணத்தை யார் யாருக்கு எவ்வளவு என்று மைல் கணக்கில் பிரித்துக் கொடுக்க 1842இல் லண்டனில் ரயில்வே கிளியரிங் ஹவுஸ் என்ற அலுவலகம் தோன்றியது. ஏரி அங்கே வேலை பார்த்தவர். ஜங்ஷன்களில் ஒரு கம்பெனியின் தண்டவாளம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் ஒரு காசு பிரிக்க முடியாது. அந்த ஜங்ஷன்களைக் கம்பெனிக்கு ஒரு வண்ணமாக, மைலும் செயினுமாகத் தூரம் குறித்து, தன் சொந்த வெளியீடாக அச்சிட்டு விற்றார் அவர். 1895இல் கிளியரிங் ஹவுஸே அந்தத் தொழிலை விலை கொடுத்து வாங்கிக்கொண்டது. தன் ஊழியர் ஒருவர் தொடங்கிய காரியத்துக்கு ஒரு நிறுவனம் பணம் கட்டியது! பதவி முதலில் வரட்டும், வேலையைப் பிறகு தொடங்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறாயே, உனக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இப்போது நம் மண்ணுக்கு வா. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூருக்கும் 2 அடி 6 அங்குல அகலத்தில் குறும்பாதைகள் ஓடின. பஞ்ச காலத்தை மனத்தில் வைத்துப் போட்ட பாதைகள். இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் இரண்டும் போய்விட்டன. இன்று மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரியில் ரயில் நிலையம் கிடையாது. "எங்கள் ஊருக்கு ரயில் வேண்டும்" என்று மனு எழுதுவது ஒன்று. "எங்கள் ஊருக்கு ரயில் இருந்தது, இதோ வரைபடத் தாள்" என்று மேசையில் விரிப்பது வேறு. கெஞ்சும் குரல் அங்கே கணக்குக் கேட்கும் குரலாக மாறிவிடும்.

பாம்பனைப் பார். 1914இல் பாலம் திறந்தபோது பிரதான பாதை பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போனது. ராமேஸ்வரம் அதன் கிளை. 1964 டிசம்பர் புயலில் பிரதான பாதை அழிந்தது, கிளை பிழைத்தது. தெருவில் போகிறவரிடம் சொல், தலையாட்டி மறுப்பார். பழைய தாளைக் காட்டு, வாதம் அங்கேயே முடியும்.

சரி, எங்கே தேடுவது? சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய ஒரு மைலுக்கு ஓர் அங்குலத் தாள்களில் பாதை, ஸ்டேஷன், மண்மேடு எல்லாம் அளவோடு இருக்கும். அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு 1950களில் இந்தியாவுக்கு வெளியிட்ட 1:2,50,000 தாள்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இன்று ராத்திரியே திறந்து பார்க்கலாம். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. 

ஆனால் எந்தத் தாளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே. கால அட்டவணையில் வரும் வரைபடம் வளைவை எல்லாம் நிமிர்த்திவிடும். நில அளவைத் தாள் பாதையின் இடத்தைச் சரியாகச் சொல்லும், யார்டுக்குள் ஒரு தண்டவாளம் இன்னொன்றாகப் பிரியும் பாயிண்ட் எங்கே என்று சொல்லாது. சிக்னல் பிரிவின் படம் ஒவ்வொரு பாயிண்டையும் சிக்னலையும் எண் போட்டுக் காட்டும், அதில் தூரம் அளவுக்கு இருக்காது. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஸ்டேஷன் எழுந்து நிற்கும். மைல், செயின் என்று இருந்தால் மிரளாதே: 80 செயின் ஒரு மைல், ஒரு செயின் 66 அடி. ஐந்தாம் வகுப்புக் கணக்கு!

யார்டு படம் ரயில்வே கோட்ட அலுவலகத்தில் இருந்தால்? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 எதற்கு இருக்கிறது? கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். இயங்கும் யார்டின் படத்தைப் பாதுகாப்புக் காரணம் சொல்லி மறுக்கலாம். பிடுங்கிப் போட்ட மீட்டர்கேஜ் யார்டுக்கு என்ன பாதுகாப்பு? அதனால் ஸ்டேஷன் பெயர், ஆண்டு, எந்தப் பிரிவின் வரைபடம் என்று குறிப்பாகக் கேள். மழுப்பலாகக் கேட்டால் மழுப்பலாகத்தான் பதில் வரும். மறுத்தால் மேல்முறையீடு செய். அதற்கும் பதில் இல்லையா, மத்தியத் தகவல் ஆணையம் வரைக்கும் போ. உன் வரிப்பணத்தில் வரைந்து காத்த தாளை நீ பார்க்கக் கேட்கிறாய். அதில் கூச்சப்பட என்ன இருக்கிறது?

கோப்புகளாவது கொஞ்ச நாள் காத்திருக்கும். மனிதர்கள் காத்திருக்க மாட்டார்கள். 1992இல் மீட்டர்கேஜை அகலப்பாதையாக மாற்றும் ஒரே அகலப்பாதைத் திட்டம் தொடங்கியபோது நடுவயதில் இருந்த பாயிண்ட்ஸ்மேனும் கேபின்காரரும் இன்று எண்பதை நெருங்குகிறார்கள். எந்த லீவர் எந்தப் பாயிண்டைத் திருப்பும் என்று அவர்கள் கை இன்னும் மறந்திருக்காது. உன் ஊரில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று ஸ்டேஷன் டீக்கடையில் விசாரி. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டு.