நோயாளியின் அமானிதம்

தஞ்சைத் தரணியில் உள்ள நம் ஊர்களில், இராஜகிரியானாலும் கூத்தாநல்லூரானாலும் அதிராம்பட்டினமானாலும், வீட்டுப் பெரியவர் ஒருவருக்குக் கடும் நோய் கண்டுவிட்டால் நடப்பது பெரும்பாலும் ஒன்றே. மருத்துவர் மூத்த மகனைத் தனியே அழைத்து விவரம் சொல்கிறார். மகன் தாய்மாமனிடம் சொல்கிறார். அன்றிரவே சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் சபராளிப் பிள்ளைகளுக்குச் செய்தி போய்விடுகிறது. தெரு அறிந்துவிடுகிறது, பள்ளிவாசல் திண்ணையும் அறிந்துவிடுகிறது. அறியாதவர் ஒருவரே, அவர்தாம் நோயாளி. "ஒன்றுமில்லை அத்தா, வயிற்றில் சிறு புண். மருந்தில் ஆறிவிடும்" என்று அவரிடம் சொல்லப்படுகிறது. அவரும் நம்புவதுபோல் இருக்கிறார். பல வேளைகளில் அவர் உள்ளுக்குள் அறிந்தே இருக்கிறார். பிள்ளைகள் மனம் நோகுமே என்று அவரும் மறைக்கிறார். இவ்வாறு ஒரே கூரையின் கீழ், ஒருவர்மேல் ஒருவர் கொண்ட அன்பினாலேயே, அனைவரும் தனித்தனியே அழுகின்றனர்.

இந்த மறைப்பு நியாயந்தானா? இதனை நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது நம் கடமையாகும்.

மறைப்பவர்களின் உள்ளத்தை நாம் குறை கூறவில்லை. உண்மையைச் சொன்னால் நோயாளி நம்பிக்கை இழப்பார், நோயினும் கவலையே அவரை விரைவில் கொண்டுபோய்விடும் என்று அவர்கள் அஞ்சுகின்றனர். ஆனால், உள்ளதை அறிவதால் மனிதன் செயலற்றுப் போகிறானா? நம் விவசாயியைக் கேட்டுப் பார்ப்போம். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. வழக்கமாகத் தண்ணீர் திறக்கும் நாள் சூன் 12. அந்த நாள் நெருங்க நெருங்க, கடைமடை விவசாயி கேட்கும் முதற் கேள்வி "மேட்டூரில் எத்தனை அடி?" என்பதே. நீர் குறைவு என்று தெரிந்தால் அவன் வயலை விட்டு ஓடிவிடுவதில்லை. குறுவையைக் கைவிட்டுச் சம்பாவுக்குக் காத்திருக்கிறான். நாற்றங்காலை விட்டு நேரடி விதைப்புக்கு மாறுகிறான். அவன் மனம் நோகக்கூடாது என்று எவரேனும் நீர்மட்டத்தைக் கூட்டிச் சொல்லியிருந்தால் அவனுடைய விதையும் போயிருக்கும், பருவமும் போயிருக்கும். அது இரக்கமாகுமா?

நோயாளியின் கையில் எஞ்சியிருக்கும் காலமும் அத்தகையதே. அது குறைவாக இருக்கலாம், ஆயினும் அவருடையது. அல்லாஹ் அவரிடம் ஒப்படைத்த அமானிதம். அதனைக் கொண்டு செய்ய வேண்டியவை அவருக்கு உண்டு. கடனைத் தீர்க்க வேண்டும். மனைவிக்குத் தர வேண்டிய மஹ்ர் நிலுவையிருந்தால் கொடுக்க வேண்டும். பேசாதிருக்கும் தம்பியை அழைத்துக் கை பற்ற வேண்டும். தவ்பாச் செய்ய வேண்டும். வாரிசாகாத ஏழை உறவினருக்கு ஏதேனும் எழுதி வைக்க வேண்டும். உண்மையை மறைக்கும்போது நாம் அவருக்கு நிம்மதியைத் தருவதாக எண்ணுகிறோம். உண்மையில், அவருடைய காலத்தை அவரைக் கேளாமலேயே செலவு செய்துவிடுகிறோம்.

ஹிஜ்ரி 23ஆம் ஆண்டு, கி.பி. 644இல், ஃபஜ்ருத் தொழுகையில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் கத்தியால் குத்தப்பட்டார்கள். அவர்களுக்குப் புகட்டப்பட்ட பால் வயிற்றுக் காயத்தின் வழியே வெளியேறியது. அதனைக் கண்ட மருத்துவர், வஸிய்யத் செய்துகொள்ளும்படி அவர்களிடமே கூறினார். உமர் (ரலி) அவர்கள் அவர்மீது சினங்கொள்ளவில்லை. உண்மையை உரைத்தார் என்றே ஏற்றுக்கொண்டார்கள். பிறகு என்ன செய்தார்கள்? தம் கடனைக் கணக்கிடச் செய்தார்கள்; அது ஏறத்தாழ 86,000 திர்ஹம். அதை எவர் பொருளிலிருந்து எந்த வரிசையில் தீர்ப்பது என்று மகனாரிடம் சொன்னார்கள். அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க ஆறு பேர் கொண்ட ஆலோசனைக் குழுவை அமைத்தார்கள். பெருமானார் (ஸல்) அவர்களின் அருகில் அடக்கம் பெற ஆயிஷா (ரலி) அவர்களிடம் இசைவு கேட்டு ஆளனுப்பினார்கள். அன்று அந்த மருத்துவர் "பயமில்லை, காயம் ஆறிவிடும்" என்று சொல்லியிருந்தால், இவற்றுள் எது நடந்திருக்கும்?

"மரணத்தைப் பற்றிப் பேசினாலே அது வந்துவிடும்" என்று அஞ்சுவோரும் நம்மிடையே உண்டு. அவர்கள் ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் வரலாற்றை எண்ணிப் பார்க்கட்டும். இறுதி ஹஜ்ஜின்போது மக்காவில் அவர்கள் கடும் நோயுற்றார்கள். நலம் விசாரிக்க வந்த பெருமானாரிடம், தம் செல்வத்தில் எவ்வளவை வஸிய்யத் செய்யலாம் என்று கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு, பிறகு பாதி, பிறகு மூன்றில் ஒரு பங்கு என்று பேச்சு இறங்கி வந்தது. மூன்றில் ஒன்று போதும், அதுவே அதிகம் என்னும் சட்டம் அந்தப் படுக்கையருகே பிறந்தது. பெருமானார் (ஸல்) அவர்கள் "இப்போது இந்தப் பேச்சு எதற்கு?" என்று வாயை அடைக்கவில்லை. ஸஅத் (ரலி) அவர்களோ நலம்பெற்று எழுந்து, காதிஸிய்யாப் போரை நடத்தி, அந்த நோய்க்குப்பின் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தார்கள்.

நம் ஃபிக்ஹு நூல்களும் இதே பாதையில் செல்கின்றன. "மரளுல் மவ்த்" என்னும் மரண நோயில் இருப்பவர் செய்யும் நன்கொடைக்குத் தனிச் சட்டங்கள் வகுக்கப்பட்டுள்ளன. ஒரு நோய் உயிருக்கு ஆபத்தானதா என்பதில் ஐயம் எழுந்தால், நேர்மையான இரு மருத்துவர்களின் சொல்லைக் கொண்டே அதை உறுதிசெய்ய வேண்டும் என்று இமாம் நவவீ அவர்கள் 'மின்ஹாஜ்' நூலில் எழுதியுள்ளார்கள். மருத்துவரின் உண்மையான சொல்லை நம் முன்னோர் ஒரு சட்டத்தின் தூணாகவே நட்டு வைத்தனர். பாகப் பிரிவினையைக் கூறும் நிஸா அத்தியாயத்தின் 11, 12ஆம் வசனங்களோ, வஸிய்யத்தும் கடனும் தீர்ந்த பின்னரே பங்கு என்பதனை நான்கு முறை வலியுறுத்துகின்றன.

ஆனால் உண்மையைச் சொல்வது என்றால் அதைக் கல்லாக எறிவது என்று பொருளன்று. முதலில் நோயாளியிடம் கேட்க வேண்டும்: "தங்கள் நோயைப் பற்றித் தாங்கள் என்ன அறிந்திருக்கிறீர்கள்? மேலும் அறிய விரும்புகிறீர்களா?" சிலர் முழுவதும் கேட்பர். சிலர் "மகனிடம் சொல்லுங்கள், எனக்கு வேண்டாம்" என்பர். அதுவும் அவருடைய உரிமையே. முடிவு அவருடையதாக இருக்க வேண்டும் என்பதே நாம் வேண்டுவது. நாள் குறித்துச் சொல்ல எவருக்கும் அதிகாரமில்லை; அஜலை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. "மருத்துவத்தின் கை இவ்வளவுதான் எட்டும், நாங்கள் உங்களை விட்டுப் போகமாட்டோம்" என்று சொல்வதில் பொய்யுமில்லை, கொடுமையுமில்லை. துஆவுக்கும் அங்கே இடமுண்டு.

அடுத்து, சிகிச்சையிலும் நோயாளியின் விருப்பத்தை நாம் கேட்க வேண்டும். பெருமானார் (ஸல்) அவர்களின் இறுதி நோயின்போது, வேண்டாம் என்று சைகை காட்டியும் வீட்டார் வாயின் ஓரத்தில் மருந்தை ஊற்றிவிட்டனர். நோயாளிக்கு மருந்தின்மேல் இருக்கும் வழக்கமான வெறுப்பே அது என்று அவர்கள் கருதிக்கொண்டனர். தெளிவு வந்ததும் பெருமானார் அதனைக் கண்டித்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அன்பு மிகுந்த வீட்டிலேயே நோயாளியின் மறுப்பு தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்றால், நம் வீடுகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

ஆகவே, தெளிவு இருக்கும்போதே கேட்டு வைப்பது நலம். இறுதி நாள்களை வீட்டில் கழிக்க விரும்புகிறாரா, மருத்துவமனையிலா? பேச முடியாத நிலை வந்தால் அவருக்காகப் பேசுபவர் யார்? பயனில்லை என்று மருத்துவர்கள் கூறிய பின்னும் செயற்கைச் சுவாசக் கருவி வேண்டுமா? கலிமாச் சொல்லித் தர ஆளில்லாத தீவிர சிகிச்சைப் பிரிவில், கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பிள்ளைகள் நிற்க, ஓர் உயிர் தனியே பிரிவதை அவர் விரும்புவாரா? 2018 மார்ச் 9ஆம் நாள் நம் உச்ச நீதிமன்றம், வயதுவந்த ஒருவர் இத்தகைய விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைப்பதை ஏற்றுத் தீர்ப்பளித்தது. 2023 சனவரியில் அந்த நடைமுறையை எளிதாக்கியது. இரு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரிடம் சான்று பெற்றால் போதும். அதைச் செயற்படுத்துமுன் மருத்துவர் குழுக்கள் இரண்டு ஆராய்ந்து இசைய வேண்டும்.

ஈண்டு ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. உயிரைப் போக்குவது ஹராம்; அதில் இரு கருத்தில்லை. மரணத்தை நீட்டிக்க மட்டுமே உதவும் கருவியை நிறுத்துவது அதனின் வேறு என்று நம் காலத்து ஃபிக்ஹு அறிஞர் பலர் கூறுகின்றனர். ஷாஃபிஈ மத்ஹபில் மருத்துவம் செய்துகொள்வதே சுன்னத்தாகும், ஃபர்ளன்று. ஐயமுள்ளோர் தம் ஊர் உலமாவிடம் மருத்துவரின் அறிக்கையுடன் சென்று கேட்பாராக.

கருவியை விட்டாலும் கவனிப்பை விடுவதற்கில்லை. வலியைத் தணிப்பது, புண்ணைக் கழுவுவது, படுக்கையை மாற்றுவது, அருகில் அமர்வது ஆகிய அனைத்தும் இறுதி மூச்சு வரை நம்மேல் உள்ள ஹக்காகும். மார்ஃபின் போதைப்பொருளாயிற்றே என்று சிலர் தயங்குகின்றனர். தாங்கவொண்ணா வலிக்கு மருத்துவர் அளந்து தருவதை நிர்ப்பந்த நிலைக்குரிய சட்டம் அனுமதிக்கிறது. அம்மருந்தைப் பெறுவதற்கு 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் இருந்த கடினத்தை 2014ஆம் ஆண்டின் திருத்தம் தளர்த்தியது. நம் அண்டை மாநிலமான கேரளத்தில், கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய நோய் ஆதரவுச் சிகிச்சைப் பணி, பின்னர் ஊர் மக்களே தொண்டர்களாகி வீடு வீடாகச் செல்லும் இயக்கமாக வளர்ந்தது. மாப்பிள்ளை முஸ்லிம்கள் நிறைந்த மலப்புறமும் அதில் முன்னின்றது. தமிழகத்தில் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வீட்டுக்கே வந்து தரும் இந்தச் சேவை சேர்க்கப்பட்டது. ஜனாஸாவுக்குத் தோள் கொடுக்கத் தெருவே திரளும் நம் ஜமாஅத்துகள், அதற்கு முந்திய மாதங்களிலும் தோள் கொடுத்தால் என்ன?

பெற்றோர் நம்மிடம் கணக்குக் கேட்காமல் வளர்த்தனர். உண்மையை மட்டும் எதிர்பார்த்தனர். அவர்களின் கடைசிப் படுக்கையில் அதைத் தர மறுப்பது முறையன்று. வல்ல அல்லாஹ் நம் நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், விதி முடிந்தோர்க்கு நல்ல முடிவையும், அவர்கள் அருகில் இருப்போர்க்கு உண்மை பேசும் நாவையும் கனிந்த நெஞ்சையும் தந்தருள்வானாக! ஆமீன்.