தகப்பன்சாமி

என்னைத் திட்டுவதற்கென்றே அம்மா ஒரு சொல் வைத்திருந்தாள். "வந்துட்டான்யா தகப்பன்சாமி" என்றால் நான் அப்பாவிடம் வாதம் பண்ண ஆரம்பித்துவிட்டேன் என்று அர்த்தம்.

பதினாறு வயதில் எனக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்றும் இல்லை. தென்காசிப் பக்கம் எங்கள் தோப்பில் மோட்டார் அடிக்கடி நின்றுகொண்டிருந்தது. ஸ்டார்ட்டரில் இருக்கும் ஓவர்லோடு ரிலேதான் பிரச்சினை, அதை விட்டுவிட்டு நேரடியாக ஒயர் கொடுத்தால் ஓடும் என்று எலெக்ட்ரீஷியனுக்கே பாடம் எடுத்தேன். அவர் போன பிறகு நானே கொடுத்தும் பார்த்தேன். ஓடியது. சாயங்காலத்துக்குள் காயில் கருகியது. அப்பா காயில் கட்டக் காசு கொடுத்தார், ஒரு வார்த்தை திட்டவில்லை. "வயசு. சரியாயிடும்" என்று அம்மாவிடம் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. அந்தப் பொறுமைக்கு இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

அதே வருடம் இன்னொன்றும் சொன்னேன். தேங்காய் பறிக்க வருகிறவருக்குக் கொல்லைச் சுவரில் தனியாகக் கவிழ்த்து வைத்த டம்ளரில் டீ கொடுப்பது தப்பு என்று. அப்பா அதே சிரிப்போடு அதே பதிலைத்தான் சொன்னார். "உனக்கு வயசு பத்தாதுடா. போகப்போகப் புரியும்."

இரண்டையும் நான் ஒரே குரலில்தான் சொல்லியிருப்பேன். எரிச்சலூட்டும் குரல்தான். ஆனால் ஒன்றில் நான் தப்பு, இன்னொன்றில் அவர் தப்பு. பொறுமையில் இருக்கும் சிக்கல் இதுதான். பிள்ளை பக்குவப்படட்டும் என்று காத்திருக்கும்போது, அவன் சொல்வதைக் கருத்தாக நாம் எடுத்துக்கொள்வதில்லை. பருவைப் போல, தானாகப் போய்விடும் ஓர் அறிகுறியாக எடுத்துக்கொள்கிறோம். பரு உண்மையா பொய்யா என்று யாரும் கேட்பதில்லையே.

இதற்கு இப்போது அறிவியலையும் துணைக்கு அழைக்கிறார்கள். முன்மூளை முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகும் என்பது உண்மைதான். ஆனால் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் போன்ற உளவியலாளர்கள் இதில் ஒரு வித்தியாசம் காட்டுகிறார்கள். நண்பர்கள் சூழ்ந்திருக்கும்போது, உணர்ச்சி கொதிக்கும்போது எடுக்கும் முடிவுகளில்தான் பதின்வயதினர் பின்தங்குகிறார்கள். அவசரமில்லாமல் உட்கார்ந்து யோசிக்கும் விஷயங்களில் பதினாறு வயதுக்காரர் ஏறத்தாழ பெரியவருக்குச் சமம். பைக் சாவி கொடுக்காததற்கு வயதைக் காரணமாகச் சொல்லலாம். டம்ளருக்குச் சொல்ல முடியாது.

சுவாமிமலைக் கதையில் எனக்குப் பிடித்த இடம், சிவன் குனிவதுதான். பிரணவத்துக்குப் பொருள் தெரியாத பிரம்மாவையே சிறையில் போட்ட பையன் அவன், திமிருக்குக் குறைச்சலில்லை. அப்பன் 'வளரட்டும்' என்று விட்டுவிடவில்லை. தெரியுமென்றால் சொல் என்று காதைக் கொடுத்தார். அந்தக் கோயிலுக்கு அறுபது படி, தமிழ் வருடங்கள் அறுபதின் பெயரில். அந்தப் பையனைப் பார்க்க ஓர் ஆயுளை ஏறிப் போகவேண்டியிருக்கிறது. (நம் வீடுகளில் இந்தக் கதை கேலிச்சொல்லாக மட்டும் மிஞ்சியது தனிக் கதை.)

என் கதைக்கு வருகிறேன். எனக்கும் வயதானது. வேலை, பெங்களூர், வருடத்துக்கு இரண்டு தடவை ஊர். டம்ளர் பேச்சை நான் எடுப்பதே இல்லை. ஒருநாள் அப்பா சொந்தக்காரர் ஒருவரிடம், "முன்னெல்லாம் எல்லாத்துக்கும் சண்டை போடுவான். இப்ப பக்குவம் வந்துட்டு" என்றார். எனக்கு எதுவும் புரிந்துவிடவில்லை. அலுத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அக்கா மகளுக்குப் பதினைந்து வயது. ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, பிரஷர் மாத்திரையே தேவையில்லை என்று தாத்தாவுக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தாள். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "இவள எப்படிச் சமாளிக்கன்னே தெரியல. காலேஜ் போனா சரியாவாளா?" நானும் பெரிய மனுஷத்தனமாக, சரியாகிவிடுவாள் என்றேன்.

மறுநாள் காலை தேங்காய் பறிக்க ஆள் வந்தது. முன்பு வந்தவருடைய மகன், என் வயது. கொல்லைச் சுவரில் டம்ளர் இப்போது இல்லை. அலமாரியில் காகிதக் கப் ஒரு கட்டு இருக்கிறது. எங்களுக்கு எவர்சில்வர், அவருக்குக் காகிதம். அவள் பார்த்துவிட்டாள்.

"தாத்தா, நம்மளுக்கு ஏன் பேப்பர் கப் இல்ல?"

"நீ சின்னப் பிள்ள. போகப்போகப் புரியும்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "மாமா, உங்களுக்குப் புரிஞ்சிட்டா?"

நேற்று மாத்திரை விஷயத்தில் உளறிய அதே குரல். வாய் வரை வந்த பதில் என்ன என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லவில்லை. "இல்ல. எனக்கும் புரியல. தாத்தா செய்றது தப்பு" என்றேன். அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"நீயுமாடா? உனக்கு முப்பத்தேழு ஆகுது."

வயதைச் சொல்லித் தள்ளிவிட முடியாத நிலைமை அவருக்கு. சிரிப்பு போய்விட்டது. ஊர் வழக்கம் என்றார், உன் அம்மா இருந்திருந்தால் என்றார், பெங்களூரில் நீ எத்தனை பேரை வீட்டுக்குள் விட்டாய் என்றார். கடைசிக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இல்லை என்றே ஒத்துக்கொண்டேன். மத்தியானம் வரை சண்டை. இத்தனை வருடத்தில் அவர் என்னோடு சரிக்குச் சரியாகப் போட்ட முதல் சண்டை. அன்று அவர் சாப்பிடவில்லை. பிரஷர் மாத்திரையை மட்டும் அவள்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு.